தார்பூரில் மாறியது தொப்பி மட்டுமே

ஆசிரியருக்கு,

சூடானின் மேற்கே உள்ள தார்பூர் பகுதியில் எல் பாஷர் நகரம் வீழ்ந்த செய்திகளைப் படிக்கும்போது 2007-ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வருகிறது. அதுவரை, உள்நாட்டுப் போர் நடந்த தார்பூரில் அமைதி காக்கக் காவல் நின்றது ஆப்பிரிக்க ஒன்றியத்தின் படை. ஏறக்குறைய பிரான்ஸ் அளவுள்ள பகுதிக்கு சுமார் 7,000 பேர்; சம்பளம்கூட மாதக்கணக்கில் நிலுவை. செப்டம்பர் இறுதியில் அந்தப் படையின் ஹஸ்கனிதா முகாம் தாக்கப்பட்டு, வீரர்களில் குறைந்தது 10 பேர் இறந்தார்கள்.

டிசம்பர் 31-இல் பொறுப்பு ஐ.நா.வுடனான கூட்டுப்படைக்கு மாறியது. சுமார் 26,000 பேருக்குப் பாதுகாப்பு சபை அனுமதி தந்திருந்தது. சரி, வந்தவர்கள் எத்தனை பேர்? அன்று களத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 9,000 பேர்தான். பெரும்பாலோர் அதே பழைய வீரர்கள்; ஆப்பிரிக்க ஒன்றியத்தின் பச்சைத் தொப்பியைக் கழற்றிவிட்டு ஐ.நா.வின் நீலத் தொப்பி அணிந்துகொண்டார்கள். கேட்ட ஹெலிகாப்டர்களும் வந்து சேரவில்லை. ஆப்பிரிக்கரல்லாத வீரர்களை ஏற்பதில் சூடான் அரசும் முட்டுக்கட்டை போட்டது.

2020 இறுதியில் அந்தப் படையின் பணியும் முடித்துவைக்கப்பட்டது. போகாதீர்கள் என்று ஊரை இழந்து முகாம்களில் இருந்த மக்கள் போராடினார்கள். யாரும் கேட்கவில்லை. 2023 ஏப்ரலில் மீண்டும் போர்.

சூடானுக்கு இனி எந்தப் படையை அனுப்பினாலும், ஆட்களும் வாகனங்களும் பணமும் கைக்கு வந்த பிறகே பொறுப்பு மாறும் தேதியை ஐ.நா. அறிவிக்க வேண்டும்.

ஒரு வாசகர், திருச்சி