சோழகம் அடித்தவுடன் மீன் குவிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடல்நீர் மேலெழுகை பற்றிப் போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை குறித்து இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். சோழகம் (தென்மேற்குப் பருவக்காற்று) அடிக்கும், ஆழத்துக் குளிர்நீர் சத்துகளோடு மேலே வரும், தாவரப் பிளாந்தன் (நீரில் மிதக்கும் நுண்ணிய தாவர உயிர்கள்) பெருகும், மீன் குவியும் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்கள். இடையில் ஒரு பெரிய கூட்டத்தையே காணோம்.

நெத்தலி பெரும்பாலும் தின்பது தாவரப் பிளாந்தனை மேயும் விலங்குப் பிளாந்தனை, அதிலும் கொப்பிபோட் என்ற, அரிசிமணியைவிடச் சிறிய இறால் இன உயிர்களை. டயற்றம் என்ற ஒருகலத் தாவரப் பிளாந்தன் ஒரு நாளிலேயே இரட்டிக்கும், கொப்பிபோட் முட்டையிலிருந்து முதிர வாரக்கணக்கு வேண்டும், அதற்கிடையில் காற்று ஓயாமல் அடித்தால் மேல்நீரோடு குஞ்சுகளும் வெளிக்கடலுக்கு அள்ளுப்பட்டுப் போய்விடும். விட்டுவிட்டு அடிக்கும் காற்றுத்தான் அவற்றுக்கு வாசி. அவையும் லேசுப்பட்டவை இல்லை: பல இனங்கள் இரவில் மேலே மேய்ந்துவிட்டுப் பகலில் கீழே இறங்கும், கீழ்நீர் கரைநோக்கி ஓடுவதால் போன தூரத்தில் கொஞ்சம் திரும்பி வந்துவிடும். சோமாலியாக் கரையில் ஒரு இனம் மேலெழுகை இல்லாத மாதங்களை 500 மீற்றருக்கும் கீழே, உடம்பில் சேர்த்த எண்ணெயிலேயே கழித்துவிட்டு, மேலெழுகை தொடங்க மேலே வந்து டயற்றத்தைத் தின்று முட்டை போடுகிறது. டயற்றம் குறைந்த காலத்தில் வேறு ஒருகல நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்று சமாளிக்கும் இனங்களும் நிறைய. இவ்வளவையும் விட்டுவிட்டு மீன் கணக்குச் சொல்வது எப்படி?

அப்புறம், இதெல்லாம் பாக்குக் குடாவில் நடப்பதுபோல எழுதியிருந்தீர்கள். இலங்கையின் தென்கரையில், அம்பாந்தோட்டைப் பக்கம் சோழக காலத்தில் மேற்குக் காற்று கரையோரமாக அடிக்க, பூமி சுழல்வதால் மேல்நீர் காற்றுக்கு வலப்பக்கமாக, அதாவது தெற்கே வெளிக்கடலுக்கு விலகுகிறது, அந்த இடத்தை நிரப்ப ஆழநீர் எழுகிறது. கேரளக் கரையிலும் அதே பருவத்தில் இது நடக்கும். எங்கள் குடா பெரும்பாலும் 15 மீற்றருக்குள், எழுவதற்கு அங்கே ஆழநீர் ஏது? காற்று கலக்கும் அடிச்சேறு, களப்புநீர், மாரி வெள்ளம், இவைதான் இங்கே சத்துக் கொண்டுவருபவை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் வலை போடுகிறவர் உங்கள் கட்டுரையை நம்பிக் குளிர்நீரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாவம் அவர்.

அடுத்த முறை எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் படிப்பிக்கிறவர்களிடம் கேட்டு, குடாவில் எந்த மாதம் என்ன பிளாந்தன் கிடைக்கிறது என்று எழுதுங்கள். அதைத்தான் நாங்கள் வாசிக்க விரும்புகிறோம்.

ஒரு வாசகர்,
பருத்தித்துறை