மின்வடம் வந்தாலும் தீவின் மின்நிலையம் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீவுகளைக் கடலடி மின்வடத்தால் பெருநிலத்தோடு இணைக்கும் திட்டங்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை, மின்கடத்தல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஈடுபாட்டுடன் படித்தேன். கப்பலில் வந்து இறங்கும் டீசலை நம்பியே விளக்கெரிய வேண்டிய தீவுக்கு இத்தகைய மின்வடம் பெரும் விடிவு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், மின்வடம் வந்தவுடன் தீவிலுள்ள பழைய மின்நிலையத்தை மூடிவிடலாம் என்றும், அதில் மிச்சமாகும் பணத்தைக் கொண்டு திட்டச் செலவின் ஒரு பகுதியை ஈடுகட்டலாம் என்றும் கட்டுரையாளர் கூறுவதை ஏற்க இயலவில்லை.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்தது இதற்குப் போதிய சான்று. அந்தத் தீவை விக்டோரியா மாநிலத்தோடு இணைக்கும் பாஸ்லிங்க் மின்வடம், கடலுக்கடியில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர் நீளம் கொண்டது; 2006ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. 2015 டிசம்பரில் அது பழுதானபோது, மழை பொய்த்ததால் தீவின் நீர்மின் அணைகளும் வற்றிக்கொண்டிருந்தன. டேமார் பள்ளத்தாக்கில் உள்ள எரிவாயு மின்நிலையமோ, இனித் தேவையில்லை என்று அதே ஆண்டில்தான் விற்பனைக்கு முடிவு செய்யப்பட்டிருந்தது. அதை அவசரமாக மீண்டும் இயக்கினார்கள். டீசல் ஜெனரேட்டர்களைத் தருவித்தார்கள். பெரிய ஆலைகள் மின்நுகர்வைக் குறைத்துக்கொண்டன. மின்வடம் திரும்பச் செயல்பட 2016 ஜூன் ஆகிவிட்டது. அந்த மின்நிலையம் விற்கப்பட்டுப் போயிருந்தால் அந்த ஆறு மாதங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதைத் திட்டமிடுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு பழுதுக்கு ஆறு மாதமா என்று வாசகர்கள் வியக்கலாம். கடலடி மின்வடம் எப்படிச் சீர்செய்யப்படுகிறது என்பதை அறிந்தால் அந்த வியப்பு இருக்காது. கரையிலிருந்து வடத்துக்குள் மின்துடிப்பை அனுப்பி, அது பழுதான இடத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுவது முதல் வேலை. பிறகு, உலகிலேயே சிலவாக உள்ள மின்வடக் கப்பல்களில் ஒன்று கிடைக்கக் காத்திருக்க வேண்டும். கப்பல் வந்த பின் வடத்தைத் தோண்டியெடுத்து அறுத்து, கடல்நீர் புகுந்த பகுதி முழுவதையும் வெட்டி நீக்கி, இரு முனைகளையும் மேலே தூக்க வேண்டும். தூக்கிய முனைகள் ஒன்றையொன்று எட்டா என்பதால் இடையில் புதிய துண்டு ஒன்றைச் சேர்க்கிறார்கள். எனவே ஒரு பழுதுக்கு இரண்டு இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பும் கப்பல் தளத்தில், ஈரப்பதம் புகாதபடி மூடிய அறைக்குள் செய்யப்படுகிறது: செம்புக் கடத்தியைப் பொருத்தி, அதன்மேல் மின்காப்பை அடுக்கடுக்காக மீட்டெடுத்து, ஈய உறையை மூடி, கடைசியாக எஃகுக் கம்பிக் கவசத்தைச் சேர்க்க நாள்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் கப்பல் இருந்த இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். நடுவில் கடல் கொந்தளித்தால், முனைகளை அடைத்துக் கடலில் இறக்கிவிட்டு, நல்ல வானிலைக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கட்டுரை தொடாத இன்னொரு செய்தியும் உண்டு. நீண்ட கடலடி வடம் தானே மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு மின்தேக்கியாகச் செயல்படுவதால், மாறுதிசை மின்சாரத்தில் வடத்தின் கொள்ளளவில் பெரும்பகுதி அதை மின்னேற்றவே செலவாகிவிடும். சுமார் நூறு கிலோமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் நேர்திசை மின்சாரத்தையே நாட வேண்டியிருக்கிறது. அதற்கு இரு கரைகளிலும், மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாகவும் நேர்திசையை மாறுதிசையாகவும் மாற்றும் கன்வெர்ட்டர் நிலையங்கள் வேண்டும். பழைய வகைக் கன்வெர்ட்டர், தீவின் கட்டமைப்பில் ஏற்கெனவே மின்னழுத்தம் இருந்தால்தான் இயங்கும்; முற்றிலும் இருண்டுபோன தீவை அதனால் தனியே எழுப்ப முடியாது. புதிய வகைக்கு அந்தக் குறை இல்லை. எந்த வகை வரப்போகிறது என்பதே தெரியாத நிலையில், தீவின் மின்நிலையத்தை மூடுவது பற்றி இப்போதே பேசுவது முறையாகாது.

இத்துறையில் முன்னோடியான சுவீடன் ஒற்றை வடத்தை மட்டுமே நம்பியிருக்கவில்லை. 1954இல் காட்லாந்து தீவுக்கு 20 மெகாவாட் திறனுள்ள நேர்திசை மின்வடத்தை முதன்முதலில் போட்ட அந்நாடு, 1983இல் ஒன்றும் 1987இல் இன்னொன்றுமாகப் புதிய வடங்களை அமைத்தது. இரண்டாவது வடத்துக்குச் செலவு கூடும் என்பது உண்மைதான். இரண்டையும் ஒரே பாதையில் அருகருகே பதித்தால் ஒரே நங்கூரம் இரண்டையும் இழுத்துச் சென்றுவிடும் என்பதையும் மறக்கலாகாது.

கடலடி வடங்களுக்கு நேரும் சேதத்தில் பெரும்பங்கு நங்கூரங்களாலும் இழுவலைகளாலும் வருவது. நியூசிலாந்தின் குக் நீரிணையில் மின்வடங்கள் செல்லும் பகுதியில் நங்கூரமிடுவதற்கும் மீன் பிடிப்பதற்கும் சட்டப்படி தடை உண்டு. அங்கே ரோந்தும் நடக்கிறது. வடத்தைக் காக்க இத்தகைய தடை தேவை என்றே நானும் கருதுகிறேன். ஆனால் தடை விதிக்கப்படும் இடம் மீனவர்கள் தலைமுறைகளாக வலை வீசிய இடமாகவும் இருக்கும். பாதையை முடிவு செய்த பிறகு அறிவிப்புப் பலகையோடு அவர்களிடம் போவதைவிட, எந்தப் பருவத்தில் எந்த இடத்தில் எந்த வலை போடுவார்கள், கடலடியில் எங்கே பாறை, எங்கே சேறு என்று அவர்களிடம் கேட்டறிந்து பாதையை வரைவதே நியாயம். இழப்பு நேர்ந்தால் ஈட்டுத்தொகையும் பணி தொடங்குமுன்பே உறுதி செய்யப்பட வேண்டும்.

எனவே, இத்தகைய திட்டத்தை எந்த அரசு மேற்கொண்டாலும், ஒப்பந்தப்புள்ளி கோரும் ஆவணத்திலேயே சிலவற்றை எழுதிவைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். உதிரி வடம் எத்தனை கிலோமீட்டர், எந்தக் கிடங்கில் இருக்கும், பழுது நேர்ந்தால் எத்தனை நாளில் கப்பல் வந்து சேர வேண்டும், வராவிட்டால் பொறுப்பு யாருடையது என்பவை அதில் இடம்பெற வேண்டும். தீவின் மின்நிலையம் மாதந்தோறும் இயக்கிப் பார்க்கப்பட்டு, எரிபொருளோடும் பயிற்சி பெற்ற பணியாளர்களோடும் ஆயத்த நிலையில் வைக்கப்பட வேண்டும். அதற்கான செலவு திட்ட மதிப்பீட்டில் இப்போதே சேர்க்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்பொறியாளர் ஒருவர்