ராஜ்குமாரைக் கடத்தலோடு மட்டும் நினைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னட நடிகர் டாக்டர் ராஜ்குமாரைப் பற்றித் தமிழ் இதழ்கள் எழுதும்போதெல்லாம், 2000 ஜூலை 30 அன்று தொட்டகாஜனூர் பண்ணை வீட்டிலிருந்து வீரப்பன் அவரைக் கடத்திச் சென்றதும், 108 நாட்களுக்குப் பிறகு அவர் விடுவிக்கப்பட்டதுமே பெரும்பாலும் முன்னிற்கின்றன. அந்தக் காஜனூர் அவர் பிறந்த ஊர் என்பதுகூட நம்மில் பலருக்குத் தெரியாது. 1929 ஏப்ரல் 24-ல் முத்துராஜாக அவர் பிறந்தபோது கோவை மாவட்டத்தில் இருந்த அவ்வூர், இன்று ஈரோடு மாவட்டத்தில், தாளவாடிக்கு அருகில், தமிழ்நாட்டின் எல்லைக்குள்தான் இருக்கிறது. நம் மண்ணில் பிறந்த ஒரு பெருங்கலைஞரை அவர் பட்ட துன்பத்தால் மட்டுமே நாம் அறிந்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நாடகக் கலைஞரான தந்தையைத் தொடர்ந்து சிறுவயதிலேயே மேடையேறி, குப்பி வீரண்ணாவின் நாடகக் குழுவில் தேர்ந்த அவருக்கு நடிப்பும் பாட்டும் ஒருங்கே கைவந்திருந்தன. ஆயினும் திரையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருக்காகப் பாடியவர், நமக்கு ஜெமினி கணேசனின் பாடல்களால் நெருக்கமான பி.பி.ஸ்ரீனிவாஸ். ராஜ்குமார் தொடக்கத்தில் ஓரிரு பாடல்களைப் பாடியிருந்தாலும், 1974-ல் வெளிவந்த 'சம்பத்திகே சவால்' படத்தில் எருமை மீதமர்ந்து பாடும் பாட்டுக்குப் பிறகே முழுநேரப் பாடகராக ஏற்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 45. பெரும்பாலான பாடகர்களுக்குக் குரல் தளரத் தொடங்கும் வயதில் தொடங்கியவர், 'ஜீவன சைத்ரா' படத்தின் 'நாதமய' பாடலுக்காக 1992-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருதைப் பெற்றார். கன்னடம் அறியாத தமிழரும் அந்தப் பாடலை ஒருமுறை முழுமையாகக் கேட்க வேண்டும். மேடை நாடகம் தந்த மூச்சுப் பயிற்சியின் பலன் அதில் தெளிவாகக் கேட்கிறது.

பத்ம பூஷண், தாதாசாகேப் பால்கே, கர்நாடக ரத்னா ஆகிய விருதுகளைப் பெற்ற அவர், இருநூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 1971-ல் அவர் நடித்த 'கஸ்தூரி நிவாச'வைத்தான் பின்னர் சிவாஜி கணேசனின் 'அவன்தான் மனிதன்' படமாக நாம் பார்த்தோம். ரசிகர்களை 'அபிமானி தேவருகளு' என்று, அதாவது தெய்வங்கள் என்றே, அவர் அழைத்துவந்தார். அவர்களுக்கு அவர் 'அண்ணாவ்ரு'.

இயக்குநர் எச்.எல்.என்.சிம்ஹா அவருக்கு ராஜ்குமார் என்று பெயர் சூட்டி நாயகனாக்கிய 'பேடர கண்ணப்பா' (1954), நம் பெரியபுராணம் பாடும் கண்ணப்ப நாயனாரின் கதை. இறைவனுக்குக் கண்ணை இடந்து அப்பிய அந்த வேடனாக நடித்து நாயகனானவர், 2006 ஏப்ரல் 12-ல் மறைந்தபோது, அவருடைய கண்கள் தானமாக அளிக்கப்பட்டன. 2021-ல் இளம் வயதிலேயே மறைந்த அவருடைய மகன் புனீத்தின் கண்களையும் குடும்பத்தினர் தானமாக வழங்கினர்.

எனவே, வரும் ஏப்ரல் 24 அன்று அவருடைய மேடை வாழ்வையும் பாடல்களையும் பற்றி விரிவான கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழில் வெளியிடுமாறும், தாளவாடிப் பகுதியில் அவரை நேரில் அறிந்த முதியவர்களின் நினைவுகளை அதில் பதிவுசெய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சத்தியமங்கலம்