வட்டச் செயலாளர் ஆன மகனுக்கு

தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ வட்டச் செயலாளர் ஆனது மாமா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்பாவுக்குப் பிடிபடாத சந்தோஷம். அன்றைக்குச் சாயந்தரம் கடைத்தெருவில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். நீயாக ஒரு போன் பண்ணவில்லை. வாட்ஸ்அப்பில் ப்ளெக்ஸ் படம் மட்டும் வருகிறது.

கட்சியில் இங்கே கிராமத்தில் கிளை, ஒன்றியம், மாவட்டம். அங்கே சென்னையில் வட்டம், பகுதி, மாவட்டம். வேலை ஒன்றுதான். கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் அவைத்தலைவர், நடத்திக் காட்ட வேண்டியவன் செயலாளர். 1949-இல் தி.மு.க.வைத் தொடங்கியபோது அண்ணா தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாக விட்டுவிட்டுப் பொதுச் செயலாளராக இருந்தே கழகத்தை நடத்தினார். தலைவர் என்ற பதவி 1969-இல்தான் வந்தது. செயலாளர் பதவிக்குக் கீழ்மட்டம் வரை இருக்கும் கனம் அப்படி வந்தது. அதற்காக அவைத்தலைவரை ஒதுக்கிவிடாதே. எந்தத் தெருவில் யாருக்கும் யாருக்கும் ஆகாது என்று அவருக்குத்தான் தெரியும். கூட்டத்தின் பொருளை மூன்று நாள் முன்னாலேயே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடு. மேடையில் உட்கார்ந்த பிறகு தெரிந்துகொண்டால் மனசு விட்டுப்போகும். ஒரு வட்டம் இரண்டு கோஷ்டியாவது பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பணத்தைப் பொருளாளர் நோட்டில்தான் வை, உன் சட்டைப்பையில் வைக்காதே. ரசீது போடாமல் ஒரு ரூபாய் வசூல் கூடாது. மைக் செட், நாற்காலி, டீ, சுவரொட்டி என்று செலவை முதலில் எழுதி, துணைச் செயலாளர்கள், பிரதிநிதிகள், அணி அமைப்பாளர்கள் எல்லாருக்கும் பங்கு பிரி. செயலாளர் ஒரு தடவை கைக்காசு போட்டால் அடுத்த தடவை ஒருத்தரும் பையில் கை விடமாட்டார்கள். கீழத்தெரு வீடு எப்படிப் போனது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ப்ளெக்ஸ் எத்தனை அடி? 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண் உயிர் போனபோது, பேனரே வைக்கக் கூடாது என்று நம் தலைமையே சொன்னதே. செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள், 17 பெரியார் பிறந்தநாள், அன்றைக்கே கழகம் பிறந்தநாள். அந்த நாட்களில் சாயம் போகாத கொடி ஒன்று, கறுப்பு மேலே சிவப்பு கீழே இருக்கிறதா என்று கயிறு கட்டும்போதே பார்த்து ஏற்றினால் போதும். உன் முகத்தை இருபது அடிக்குப் பார்த்து ஒருவரும் ஓட்டுப் போடப் போவதில்லை.

ஓட்டு இருப்பது பாகத்தில், அதாவது ஒரு சாவடிக்கான வாக்காளர் பட்டியலில். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பாக முகவர், அவருக்குக் கீழே நூறு ஓட்டுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறு. புதுப் பெயருக்குப் படிவம் 6, இறந்தவர் பெயரை நீக்க 7, திருத்தத்துக்கும் வீடு மாறியவருக்கும் 8. பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று பார்க்க ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் என்று வருஷத்துக்கு நாலு நாள் இருக்கிறது, ஜனவரியோடு விட்டுவிடாதே. சென்னையில் ஒரே கதவில் பழைய எண்ணும் புதிய எண்ணும் இருக்கும். புருஷன் பெயர் பழைய எண்ணில், பெண்டாட்டி பெயர் புதிய எண்ணில் பதிந்திருக்கும். பட்டியலை மட்டும் பார்க்கிற முகவர் அப்படி ஒரு வீடே இல்லை என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவார். கதவைத் தட்டிப் பார்த்தவரை மட்டும் நம்பு.

வாக்குப்பதிவு ஏழு மணிக்கென்றால் உன் ஆள் ஐந்தரைக்குள் சாவடியில் இருக்க வேண்டும். மாதிரி வாக்கு குறைந்தது ஐம்பது போடுவார்கள். அதை அழித்து எண்ணிக்கை பூஜ்யம் காட்டுகிறதா என்று கண்ணால் பார்க்கச் சொல். அழிக்க மறந்தால் எண்ணும் நாளில் கணக்கு உதைக்கும். இயந்திரத்தின் எண், அதில் வைக்கும் தாள் முத்திரையின் எண் இரண்டையும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். வந்தவர் மேல் சந்தேகம் என்றால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாம். அதற்குச் சில்லறையோடு ஆளை அனுப்பு. ஒரு முகவருக்கு மாற்றாள் இரண்டு பேர் வைக்கலாம், உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான். காலையில் போனவருக்கு மத்தியானம் சோறு போகாவிட்டால் சாயந்தரம் கடைசி நேரத்தில் எழுந்து போய்விடுவார், சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கு இருக்கும் 17சி படிவத்தின் நகல் வாங்க ஆள் இருக்காது. அந்த ஒரு தாள் இல்லாமல் எண்ணும் மேஜையில் நீ எதை வைத்துக் கேட்பாய்?

இதையெல்லாம் நீ நன்றாகவே செய்வாய். பள்ளிக்கூடத்திலேயே நீ சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். கைக்காசு மட்டும் போடாதே.

பொங்கல் படம் பார்த்தேன். மருமகள் கழுத்தில் மஞ்சள் கயிறுதான் தெரிந்தது. சங்கிலியைச் சேலைக்குள் விட்டிருக்கிறாளோ என்று அப்பா சொன்னார். அப்படியே இருக்கட்டும். ஒருவேளை வேறு மாதிரி என்றால், அடகுச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. கெடு எந்தத் தேதி என்று தெரிந்தால் போதும். தைக்கு நெல் பணம் வந்து கையில் இருக்கிறது. அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அவளை ஒன்றும் கேட்காதே, அவள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. பேசிவிட்டு அவளிடம் கொடு.

அம்மா