கற்பித்தல் பயிற்சி: முன்கூட்டியே செய்ய வேண்டியவை

குழுவிலுள்ள பேராசிரியர்களுக்கு வணக்கம். இம்முறை பயிற்சியில் விரிவுரைகளைக் குறைத்து, 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நுண்ணிலைக் கற்பித்தல் முறையைப் பின்பற்றவிருக்கிறோம். ஒவ்வொருவரும் தம் பாடத்தின் ஒரு சிறு கருத்தை மட்டும் பத்து நிமிடத்திற்குள் சக ஆசிரியர்கள் முன் கற்பித்து, அதன் காணொளியைப் பார்த்து, அவர்கள் சுட்டுவதற்கேற்பத் திருத்தி, மீண்டும் ஒருமுறை கற்பிக்க வேண்டும். இரண்டாம் முறையில்தான் பெரும்பயன் என்பதால், இடையில் எழுந்து செல்வதைத் தவிர்க்கவும்.

கருத்துக் கூறுவோர் "நன்றாக இருந்தது" என்று முடித்துக்கொள்ளாமல், கற்பித்தவர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருந்தார், மாணவர் யோசிப்பதற்குள் விடையை அவரே சொல்லிவிட்டாரா (நம்மில் பலருக்கு உள்ள பழக்கம்தான்) என்பன போன்று, கண்ணால் கண்டவற்றையே குறித்துத் தரவேண்டும். இக்குறிப்புகள் பணி உயர்வு மதிப்பீட்டிற்குப் பயன்படுத்தப்படமாட்டா.

கற்பிக்கவுள்ள கருத்தையும், அதைக் கற்றபின் மாணவரால் என்ன செய்ய இயலும் என்பதையும் ஒரே வாக்கியத்தில் எழுதி இக்குழுவில் முன்னதாகப் பதிவிடுங்கள்.