ரிகார்டோவின் அட்டவணையும் பருத்தி வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டதிலிருந்து திருப்பூரைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை, உங்களுடையதும் சேர்த்துத்தான். ஆனால் அதைப் படிக்கிற பி.ஏ. பொருளியல் மாணவர், தன் பன்னாட்டு வணிகப் பாடத்துக்கும் இந்தச் செய்திக்கும் சம்பந்தம் இருப்பதாக நினைக்கிறாரா? நான் வகுப்பெடுத்துப் பார்த்த வரையில் இல்லை.

எங்கள் ஆசிரியர்களிலேயே இரண்டு கட்சி. ஒரு கட்சி, ஆங்கிலேயப் பொருளியலாளர் ரிகார்டோவின் ஒப்பீட்டுச் செலவு அட்டவணையைப் போர்டில் எழுதும். போர்ச்சுகலில் ஒயினுக்கு 80 பேரின் ஒரு வருஷ உழைப்பு, துணிக்கு 90. இங்கிலாந்தில் 120, 100. இரண்டுமே போர்ச்சுகலில்தான் மலிவு, இருந்தும் அது ஒயினை மட்டும் செய்து, அதைக் கொடுத்துத் துணியை வாங்கிக்கொண்டால் 10 பேர் உழைப்பு மிச்சம், இங்கிலாந்துக்கு 20 மிச்சம். அருமையான கணக்குதான். மூலதனம் எளிதில் நாடு தாண்டிப் போகாது என்பதை வைத்துத்தான் 1817இல் அவரே இதைச் சொன்னார், அது நம் பிள்ளைகளின் நோட்ஸில் ‘அனுமானங்கள்’ என்ற தலைப்பில் மனப்பாடத்தோடு முடிந்துவிடுகிறது.

இன்னொரு கட்சி காலனியச் சுரண்டலில் ஆரம்பித்து அதிலேயே மணி அடிக்கும். 1721இல் இங்கிலாந்து நம் அச்சுத்துணிக்குத் தடை போட்டது, 1896இல் தன் லங்காஷயர் துணி ஆலைகளுக்காக இந்திய ஆலைத் துணிக்கு 3.5 சதவீத உற்பத்தி வரி போட்டது, எல்லாம் உண்மை. என்ன, அந்த வகுப்பிலிருந்து வரும் மாணவருக்கு ரிகார்டோவைத் திட்டத் தெரியும், கணக்கில் எந்த இடத்தில் இடிக்கிறது என்று கேட்டால் முழிப்பார்.

பருத்தி வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பருத்திக்கு மொத்தம் 11 சதவீத வரி வந்தது. 2022 ஏப்ரலில் சில மாதம் விலக்கினார்கள், அப்புறம் திரும்ப வந்தது. 2025 ஆகஸ்ட் 19 முதல் மறுபடி விலக்கு, முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். அக்டோபரில்தான் மகாராஷ்டிரத்திலும் தெலங்கானாவிலும் புதுப் பருத்தி மார்க்கெட்டுக்கு வர ஆரம்பிக்கும், வரியில்லாமல் வந்த பஞ்சோடு அது போட்டி போட வேண்டும். அரசின் ஆதரவு விலை இருக்கிறதே என்பார்கள், இருக்கிறது, 2025-26 பருவத்தில் நீண்ட இழைக்குக் குவிண்டால் 8,110 ரூபாய். ஆனால் கொள்முதல் நிலையம் வரை கொண்டுபோய், ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் இருந்து, அவர்கள் எடுத்துக்கொண்டால்தான் அந்த விலை.

இதை வகுப்பில் கொடுத்து, பாதிப் பேர் நூற்பாலை, மீதிப் பேர் விவசாயி என்று வாதாட விட்டேன். நடுவில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவரின் மகள் ஒருத்தி கேட்டாள்: “சார், பஞ்சு விலை குறைஞ்சா ஆலைக்காரங்க நூல் விலையைக் குறைப்பாங்களா, இல்ல அவங்களே வெச்சுக்குவாங்களா?” இரண்டு கட்சி நோட்ஸிலும் இதற்குப் பதில் இல்லை. அன்று மீதி நேரம் முழுக்க அந்தக் கேள்வியிலேயே போனது, ரிகார்டோவின் கணக்கும் அங்கேதான் வேலைக்கு ஆனது.

பாடத்திட்டத்தை மாற்றக் கமிட்டி வேண்டாம், அது வருஷக்கணக்கில் இழுக்கும். ‘ஒப்பீட்டுச் செலவுக் கோட்பாட்டை விளக்குக’ என்று வழக்கமாக வரும் கேள்விக்குப் பதிலாக, ‘பருத்தி இறக்குமதி வரியை நீக்கினால் யாருக்கு எவ்வளவு லாப நட்டம், கணக்கிட்டுக் காட்டுக’ என்று பல்கலைக்கழகங்கள் ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும். ஆசிரியர்கள் நாங்கள் முதலில் முனகுவோம், பரவாயில்லை.

— ஒரு பொருளியல் ஆசிரியர், கோவை