அடிபட்ட முழங்காலோடு எடை குறைப்பவர்களையும் நினையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் உடல் எடைக் குறைப்பு பற்றி வந்திருந்த கட்டுரையையும், அதனுடன் படங்களாகத் தரப்பட்டிருந்த எட்டுப் பயிற்சிகளையும் படித்தேன். உணவு பற்றிய பகுதி நிதானமாக எழுதப்பட்டிருந்தது. பயிற்சிகளில் ஐந்தோ, குதிப்பதும் முழங்காலை ஆழமாக மடக்கி எழுவதுமாகவே இருந்தன. முழங்காலிலோ முதுகிலோ கணுக்காலிலோ ஏற்கெனவே அடிபட்டவர் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. எடையைக் குறைத்தே தீர வேண்டும் என்று மருத்துவர் எச்சரித்த பிறகு இத்தகைய பக்கங்களைக் கத்தரித்து வைத்துக்கொள்பவர்களில் அப்படிப்பட்டவர்கள் பலர் உண்டு என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

நானும் அவர்களில் ஒருவன். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் வலது முழங்காலில் சவ்வு கிழிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம், எடையைக் குறையுங்கள் என்றார் எலும்பு மருத்துவர். எப்படிக் குறைப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்போது என் எடை 94 கிலோ. நேரே ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் போய்ச் சேர்ந்தேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியைச் செய்துகொண்டிருக்கும்போது வலிக்கிறது என்றேன். “இன்னும் பத்துதான் சார், விட்டுடாதீங்க” என்று பயிற்சியாளர் உற்சாகப்படுத்தினார். ஏழாவது முறை எழும்போது முட்டிக்குள் ஏதோ சிக்கியதுபோல் கால் பாதியில் நின்றுவிட்டது. அன்று மாலை வீட்டு மாடிப்படியில், கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து வைத்து இறங்கினேன். மொத்தம் பதினாறு படிகள்தான். அதன்பின் ஐந்து மாதங்கள் நடமாட்டம் குறைந்து, எடை மேலும் ஆறு கிலோ ஏறியது.

எடைக்கும் முழங்காலுக்கும் உள்ள கணக்கை அப்போதே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். முழங்கால் தேய்மானம் உள்ள, எடை மிகுந்த முதியவர்களிடம் நடத்தி 2005இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வின்படி, ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. மூன்று கிலோ குறைந்தாலே ஓர் அடிக்குப் பன்னிரண்டு கிலோ மிச்சம். ஒரு நாளில் எடுத்து வைக்கும் ஆயிரக்கணக்கான அடிகளுக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால், சிறிய இழப்பும் அடிபட்ட மூட்டுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது விளங்கும்.

ஆனால் அந்தக் கிலோக்களை எங்கே குறைப்பது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. அரை மணி நேர வேக நடைக்குச் சுமார் 150 கலோரி செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், சாப்பாட்டில் எதையும் மாற்றாமல் தினமும் அப்படி நடந்தே ஒரு கிலோவைக் கரைக்க ஐம்பது நாட்களுக்கு மேல் ஆகும். எடை பெரும்பாலும் தட்டில்தான் குறைகிறது. காலுக்கு ஓய்வு தேவைப்படும் வாரங்களிலும் எடையைக் குறைக்க முடியும் என்பதே இதன் பொருள். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

அப்படியானால் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். தசைக்கு. பயிற்சியே இல்லாமல் எடை குறைக்கும்போது, குறைவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பல்லாத திசுவாக, அதாவது பெரிதும் தசையாகப் போய்விடக்கூடும். முழங்காலைத் தாங்கிப் பிடிப்பதே தொடையின் முன்தசை. அடிபட்ட காலைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் சில நாட்களிலேயே அது மெலியத் தொடங்கும். இந்த நிலையில் பட்டினி கிடப்பவர் தசையை இரண்டு வழிகளில் இழக்கிறார். காயம் ஆறுவதற்கும் புரதமும் ஆற்றலும் வேண்டும். ஆகவே வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை என்ற வேகமே போதுமானது. அதைவிட மிக வேகமாகக் குறைத்தால் பித்தப்பைக் கற்கள் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது.

பிறகு நான் சென்ற இயன்முறை மருத்துவர் எனக்குக் கொடுத்த முதல் பயிற்சியைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தேன். காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டு ஒன்றை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதை ஐந்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், பத்து முறை. இதற்கா கட்டணம் என்றுகூடத் தோன்றியது. மூன்றாவது நாளே தொடை நடுங்கியபோதுதான் அந்தத் தசை எவ்வளவு மெலிந்திருந்தது என்று புரிந்தது. அதன்பின் மார்பளவு நீரில் நடை. அந்த ஆழத்தில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கால்களில் இறங்குகிறது. முட்டி அதிகம் மடங்காதபடி இருக்கையை உயர்த்தி வைத்த நிலைமிதிவண்டி அதற்கும் பிறகுதான் வந்தது.

வலியை அளக்கவும் அவரே கற்றுக்கொடுத்தார். பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவில் மூன்று, நான்கு வரை பொறுக்கலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் நேற்றுச் செய்தது அதிகம். தசை சில வாரங்களில் வலுப்பெறும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கோ மாதங்கள் ஆகும் என்பதால், இப்போது நன்றாக இருக்கிறதே என்று பயிற்சியில் தூக்கும் எடையையும் நேரத்தையும் ஒரே சமயத்தில் கூட்டுவது ஆபத்து. வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போவது அதைவிட மோசம் (இரண்டு வாரம் நானே அதைச் செய்திருக்கிறேன்). எச்சரிக்கும் வாயை அடைத்துவிட்டு நடப்பதற்கு ஒப்பானது அது. மூட்டு பூட்டிக்கொள்வது, கால் திடீரென மடிந்துபோவது, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிப்பது, முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போவது அல்லது சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, நெஞ்சு வலிப்பது ஆகியவற்றுக்குப் பயிற்சி மருந்தல்ல. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. முதல் பாதியை எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். அந்த அளவை எட்ட முடியாதவர்கள் செய்யும் கொஞ்சமும் நன்மையே என்று அதே வழிகாட்டுதல் சொல்வது அச்சில் ஏறுவது அரிது.

தங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். இனிப் பயிற்சிப் படங்களை வெளியிடும்போது, எந்தப் பயிற்சியை யார் தவிர்க்க வேண்டும், அவர்கள் அதற்குப் பதிலாக எதைச் செய்யலாம் என்பதைப் படத்துக்குக் கீழேயே, அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். பக்கம் அச்சுக்குப் போகுமுன் ஓர் இயன்முறை மருத்துவர் அதை ஒருமுறை பார்க்கட்டும். முப்பது நாளில் பத்துக் கிலோ என்ற தலைப்பு எவ்வளவு வாசகர்களை இழுத்தாலும் அதைத் தவிர்த்துவிடுங்கள். எனக்கு 100 கிலோவிலிருந்து 83க்கு வர இரண்டரை ஆண்டுகள் ஆயின. இப்போது படிக்கு ஒரு கால் வைத்து இறங்குகிறேன், கை மட்டும் இன்னும் கைப்பிடியைத் தேடுகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்